எவ்வளவு தூரம் தெரியும்?

புதுச்சேரிப் பகுதியிலுள்ள கரியமாணிக்கம் கடைத்தெருவில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் டீக்கடையைத் தாண்டுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "இதுல எவ்ளோ தூரம் தம்பி தெரியும்?" பதிலைக் கிலோமீட்டரில் எதிர்பார்க்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். பத்து என்றால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். நிலா வெறுங்கண்ணுக்கே தெரிகிறதே, அது 3,84,000 கிலோமீட்டர் என்று நான் சொன்னால் குசும்பு பிடித்தவன் என்று சிரித்துவிட்டு டீயைக் குடிக்கத் திரும்பிவிடுவார்கள். எதை, எந்த வெளிச்சத்தில், எங்கே நின்றுகொண்டு பார்க்கப்போகிறோம் என்று சொல்லாதவரை எந்தக் கடைக்காரராலும் ஒருவருக்கு ஏற்ற பைனாகுலரை எடுத்துக் கொடுக்க முடியாது. வாங்க வருகிறவர் அதையெல்லாம் சொல்வதில்லை. "பவர் ஜாஸ்தியா இருக்கிறதா குடுங்க" என்கிறார்.

இந்தப் பவர் ஆசையை நம்பி ஒரு வியாபாரமே நடக்கிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் பெட்டிகளில் 20×180×100 என்று அச்சடித்திருப்பார்கள். முகப்பு லென்ஸ் 100 மில்லிமீட்டர் என்றால் பத்து சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பதோ பழைய எட்டணா அகலம்கூட இல்லாத கண்ணாடி. மூன்று எண்கள் இருந்தால் அங்கேயே வாங்காமல் திரும்பிவிடலாம். லென்ஸ் மேல் மாணிக்கச் சிவப்பாக மினுங்கும் பூச்சு, 10-லிருந்து 30 வரை திருகிக்கொண்டே போகலாம் என்கிற ஜூம் வகை, இவையும் அதே குடும்பம்தான்.

நேர்மையான பைனாகுலரில் இரண்டே எண்கள். 8×42 என்றால் எட்டு மடங்கு பெருக்கம், முகப்பு லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். எட்டு மடங்கு என்பதை வயலில் வைத்துப் புரிந்துகொள்வது சுலபம். 80 மீட்டரில் நிற்கும் கொக்கு 10 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். பத்து மடங்குக் கண்ணாடியில் அதே கொக்கு 8 மீட்டரில் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம், இரண்டு மீட்டர். அந்த இரண்டு மீட்டருக்கு நாம் கொடுக்கும் விலை பணமாக மட்டும் போவதில்லை. கொக்கு பத்து மடங்கு பெரிதானால் நம் கை நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகிறது. கையில் பிடித்துப் பார்க்கிறவர்களுக்குப் பத்து மடங்குதான் எல்லை. பன்னிரண்டு, பதினாறு என்று வாங்கியவர்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். படம் ஆடுகிறது, தலை சுற்றுகிறது, கண்ணாடி சரியில்லை என்பார்கள். ஆடியது அவர்களுடைய கைதான்.

பெருக்கம் கூடினால் இன்னொன்றும் சுருங்கும். சாதாரண எட்டு மடங்குக் கண்ணாடியில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் கண்ணுக்குள் அடங்கும். பத்து மடங்கில் அது 105-லிருந்து 115 மீட்டர்தான். காகிதத்தில் இது சிறிய வித்தியாசம். கரும்புக் கொல்லைக்கு மேலே குறுக்கே பாயும் கரிச்சானைத் தேடும்போது அது பெரியது. பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதுதான் முதல் வேலை. பெரிதாகப் பார்ப்பது அதற்குப் பிறகு வருவது. புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் "எங்க, எங்க" என்று கேட்டுக்கொண்டே வானத்தைத் துழாவிவிட்டுத் திரும்பிப் போவதற்குக் காரணம் பவர் குறைந்துபோனது இல்லை, அகலம் போதாததுதான்.

கரியமாணிக்கத்தைச் சுற்றி நிலம் மட்டமானது. மேற்கே நெட்டப்பாக்கம், மடுகரை, கிழக்கே பாகூர், வடக்கே தள்ளி வில்லியனூர், ஊசுட்டேரி. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதில் பெரியது ஊசுடு, அடுத்தது பாகூர். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டி ஏரி நிறைந்திருக்கும்போது பார்க்கப் போனால் தண்ணீர்தான் தெரியும். பறவை எங்கோ நடுவில் புள்ளியாக இருக்கும். தை பிறந்து நீர் உள்வாங்கி, ஓரத்தில் சேறும் கோரையும் வெளிப்பட்ட பிறகுதான் காட்சி கரைக்கு வரும்.

அந்த நாட்களில் கரையில் நின்று நீலத்தாழைக்கோழி தின்பதை எட்டு மடங்கில் பார்த்தவர்களுக்குப் பவர் பற்றிய சந்தேகம் தீர்ந்துவிடும். பறவை 40 மீட்டரில் இருந்தால் கண்ணாடிக்குள் 5 மீட்டரில் நிற்கிறது. நெற்றியில் சிவப்புத் தகடு. தகடும் அலகும் ஒரே சிவப்பு. உடம்பின் நீலம் ஒரே நீலம் இல்லை. கழுத்தருகே வெளிறி, முதுகில் ஊதாவாக இருண்டு, வெயில் சாய்ந்தால் பச்சை ஓடும். அது கோரைத்தண்டை அலகால் பிடுங்கி, பிறகு ஒற்றைக்காலில் நின்றுகொண்டு மற்றக் காலின் நீண்ட விரல்களால் தண்டைப் பற்றி வாய்க்கு உயர்த்தும். கோழி இனமாகத் தெரிகிற ஒன்று காலைக் கையாக்கித் தின்பதை வெறுங்கண்ணால் பார்த்தால் ஏதோ தலையாட்டுகிறது என்றுதான் தோன்றும். நடக்கும்போது வாலை வெட்டி வெட்டித் தூக்கும். அடியில் ஒரு வெள்ளைத் துணுக்கு தெரிந்து மறையும். இதற்கு இருபது மடங்கு தேவையில்லை. ஆடாத எட்டு மடங்கும் கால்மணி நேரமும் போதும்.

ஏரி நடுவே மிதக்கும் வாத்துக் கூட்டம் வேறு விஷயம். நீலச்சிறகியும் ஊசிவாலும் தலையை முதுகில் செருகிக்கொண்டு தூங்கும்போது பத்து மடங்கும் போதாது. அங்கே முக்காலியில் நிறுத்திய ஒற்றைக்குழல் ஸ்கோப் வேண்டும், 20 மடங்கிலிருந்து 60 வரை. தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது முதல் பொங்கல் விடுமுறையில் ஏரி ஏரியாகப் போய் எண்ணும் பழக்கம் பரவியிருக்கிறது. எண்ணப் போகிற குழுவில் ஒருவரிடம் ஸ்கோப் இருந்தால் போதும், மற்றவர்கள் 8×42 அல்லது 10×42 வைத்திருக்கலாம். எண்ணுவது மட்டுமே வேலை, எப்போதும் திறந்த ஏரிக்கரைதான் என்றால் 10×42-ஐ நானே சிபாரிசு செய்வேன். மரக்காணம் பக்கத்துக் கழுவேலிக்குப் போகிறவர்களுக்கும் அதேதான். 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்தப் பரந்த உவர்நீர்ப் பரப்பில் பறவைகள் கரைக்கு அருகில் வருவதை நம்பி நிற்க முடியாது.

ஆனால் எந்தக் கண்ணாடியாலும் தீர்க்க முடியாத ஒன்று நம் ஊரில் உண்டு, கானல். காலை ஒன்பது, ஒன்பதரை ஆனதும் சேற்றிலிருந்தும் வரப்பிலிருந்தும் சூடு எழும்பத் தொடங்கும். அதன் வழியே பார்க்கும்போது நாரையின் கால் நெளியும், உள்ளானின் அலகு இரண்டாகப் பிரியும். பெருக்கம் கூடக்கூட நெளிவும் கூடும். லட்சக்கணக்கில் விலையுள்ள ஆஸ்திரியக் கண்ணாடியிலும் கானல் கானலாகவே தெரியும். குளிர்நாட்டுச் சதுப்புகளை மனதில் வைத்து எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுப் பவர் தேடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. இங்கே விடியலுக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், மறுபடி நாலரைக்கு மேல், அவ்வளவுதான் நமக்குக் கிடைத்த நேரம்.

விடியலும் அந்தியும்தான் நேரம் என்றால் இரண்டாவது எண் முக்கியமாகிவிடுகிறது. பைனாகுலரைக் கண்ணில் வைக்காமல் கையை நீட்டி எட்டப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பிப் பாருங்கள். கண் வைக்கும் பக்கத்து லென்ஸ் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். அதன் அளவு இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தது: 8×42-இல் 5.25 மில்லிமீட்டர், 10×42-இல் 4.2, சட்டைப்பை அளவு 10×25-இல் 2.5. நம் கண்மணி உச்சிவெயிலில் இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். அப்போது எல்லாக் கண்ணாடியும் ஒன்றுபோலவே பளிச்சென்றிருக்கும். கடைக்காரர் மத்தியானத்தில் கடை வாசலில் நின்று காட்டும்போது சின்னதும் பெரியதும் ஒன்றுதானே என்று தோன்றுவது இதனால்தான். அந்தியில் கண்மணி ஐந்து, ஆறு என்று விரியும். கூழைக்கடா வரிசையாகத் திரும்பும் அந்த நேரத்தில் 10×25 வைத்திருப்பவர் சாம்பல் நிறத்தைத்தான் பார்ப்பார். இளமையில் இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரிகிற கண்மணி அறுபது வயதை நெருங்கும்போது பெரும்பாலானோருக்கு ஐந்தோடு நின்றுவிடுகிறது. ஏழு மில்லிமீட்டர் ஒளிவட்டம் தரும் 7×50-ஐ ஓய்வு பெற்ற பிறகு வாங்குகிறவர், உள்ளே நுழைய முடியாத வெளிச்சத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டி, கழுத்தில் ஒரு கிலோ பாரத்தைச் சுமக்கிறார்.

அந்த 7×50-க்கு உரிய இடம் கடல். ஃபைபர் படகில் கால் ஊன்றி நிற்பதே பாடு. அங்கே ஏழு மடங்குக்கு மேல் எதுவும் நிலைக்காது. ஒளிவட்டம் அகலமாக இருப்பதால் படகு எகிறினாலும் கண் அதைவிட்டு எளிதில் விலகாது. கப்பல்காரர்கள் நெடுங்காலமாக இதையே பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடியதாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புக்காற்று ஒரே பருவத்தில் வேலையைக் காட்டிவிடும்.

தோப்புக்கும் தோட்டத்துக்கும் எதிர்த்திசையில் யோசிக்க வேண்டும். அங்கே எல்லாம் பத்து இருபது மீட்டருக்குள். செம்போத்து புதருக்குள் இறங்கிவிடும், தேன்சிட்டு ஒரு பூவில் இரண்டு நொடி. 8×32 கையடக்கமானது, அரைக் கிலோ எடை, சட்டென்று தூக்கலாம். வண்ணத்துப்பூச்சி பார்க்கிறவர்களுக்கு இதுகூடப் பொருந்தாது. எருக்கஞ்செடியில் உட்கார்ந்த வெந்தய வரியனைப் பார்க்க மூன்று மீட்டர் பின்னால் நகர வேண்டியிருந்தால் அந்தக் கண்ணாடியால் என்ன பயன்? பென்டாக்ஸ் பப்பிலியோ என்ற 6.5×21 அரை மீட்டர் வரை கிட்டத்தில் குவியும். இறகுச் செதில்களின் அடுக்கும், சுருட்டி வைத்த உறிஞ்சுகுழலும் அதில் தெரியும். தூரத்தைக் கிட்டத்தில் கொண்டுவரும் கருவி என்று நினைத்திருந்த ஒன்று, கிட்டத்தில் இருப்பதை இன்னும் கிட்டத்தில் கொண்டுவருவதைப் பார்த்தால் டீக்கடைக் கேள்வி கேட்பவர்கள்கூடக் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

கிரிக்கெட் மைதானத்துக்குச் சின்ன 8×25 போதும். ஜவ்வாது மலைக்கோ முதுமலைக்கோ போனால் மறுபடி 8×42. ஓடும் ஜீப்பில் பத்து மடங்கை நினைக்கவே வேண்டாம். கோயிலைத்தான் யாரும் நினைப்பதில்லை. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் கோபுரத்தை நாம் தேர்த் திருவிழாவன்று அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. வெயில் சாய்ந்த பிறகு தெருவின் எதிர்ப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டு எட்டு மடங்கில் நிலை நிலையாக மேலே ஏறிப் பாருங்கள். கீழேயிருந்து வெறும் வண்ணக் கூட்டமாகத் தெரிந்ததெல்லாம் தனித்தனி முகமாகும். யார் கையில் என்ன ஆயுதம், எந்தப் பூதம் பல்லைக் காட்டுகிறது, எங்கே சுதை பெயர்ந்து செங்கல் தெரிகிறது, எந்த இடுக்கில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக வரும். கோபுரத்தில் புறாவுக்கும் கிளிக்கும் பங்கு உண்டு என்பதால் பறவைக்காரர்களுக்கும் நஷ்டமில்லை.

வானத்துக்கு 10×50. தை, மாசி இரவுகளில் பனி கொஞ்சம் மறைத்தாலும் கார்த்திகை மீன்கூட்டம் கண்ணாடியில் வெடித்துத் திறக்கும். வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிகிற இடத்தில் பல பத்துகள். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்து முழங்கையை நெஞ்சில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பாதியாகும். முக்காலியில் கட்டினால் வியாழனின் நான்கு நிலவுகள், 1610-இல் கலிலியோ கண்ட அதே நான்கு, கோட்டில் கோத்த புள்ளிகளாக நிற்கும். சூரியனை மட்டும் எந்தக் கண்ணாடியாலும் பார்க்கக் கூடாது. பார்வை அந்த நொடியே போகும்.

சூரியனைக் கண்ணாடியால் பார்க்கவென்றே புதுச்சேரிக்குக் கப்பலேறி வந்த ஒரு மனிதரின் கதை இங்கே சொல்லத் தகும். கியோம் லெ ஜான்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை அளக்க 1760-இல் பிரான்சைவிட்டுக் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூனில் கடப்பு நிகழ்ந்தபோது அவர் ஆடும் கப்பலின் மேல்தளத்தில் இருந்தார். பார்த்தார், ஆனால் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்கு எட்டு வருடம் கிழக்கிலேயே காத்திருந்து, புதுச்சேரியில் ஒரு ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு, சென்னையிலிருந்த ஆங்கிலேயர் அனுப்பிய நல்ல தொலைநோக்கியோடு 1769 ஜூன் 4 அதிகாலையில் உட்கார்ந்தார். மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்ததும் விலகியது. ஊர் திரும்பினால் அங்கே அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி அறிவியல் அகாதெமியில் அவர் இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஆடும் தளம், மேகம் என்ற இரண்டும் அவரைத் தோற்கடித்தன. கருவியில் குறை எதுவுமில்லை. இதே புதுச்சேரியில் பிற்பாடு ஜான் வாரன் என்பவர் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டு 1825-ஆம் வருடத்துச் சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டியதை வாரன் தம்முடைய 'கால சங்கலித' நூலில் பதிவு செய்திருக்கிறார். கிரகணத்தின் தொடக்கம் நான்கு நிமிடப் பிழைக்குள் வந்தது. முடிவில் பிழை ஐம்பது நிமிடத்துக்கு மேல். அந்தப் பஞ்சாங்கக்காரரின் கணக்கு எந்தக் கண்ணாடியையும் நம்பியதில்லை. அவரை உயர்த்திப் பேசவோ லெ ஜான்தீயைப் பரிகசிக்கவோ எனக்கு விருப்பமில்லை. இருவரில் யாரோடு ஓர் இரவு உட்கார்ந்திருக்கலாம் என்றால், எட்டு வருடம் காத்திருந்தவரோடு என்பேன்.

கிராமத்தில் பைனாகுலர் வைத்திருப்பதில் விற்பனைக் கையேடுகள் தொடாத ஒரு சங்கடம் உண்டு. ஏரிக்கரை பறவைக்கு மட்டும் சொந்தமில்லை. அங்கே துணி துவைக்கிறார்கள், குளிக்கிறார்கள், மாடு கழுவுகிறார்கள், ஒதுங்குகிறார்கள். கரையில் ஒருவன் கண்ணில் எதையோ வைத்துக்கொண்டு நின்றால் அவன் எதைப் பார்க்கிறான் என்று எதிர்க்கரையில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் சந்தேகப்பட்டால் அது நியாயம். வரப்பில் ஆள் தென்பட்டால் கண்ணாடியைக் கீழே இறக்கிவிடுவது, படித்துறைப் பக்கம் திருப்பவே திருப்பாதது, யாராவது வந்து கேட்டால் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுவது என்று சில பழக்கங்களை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னது எல்லாவற்றையும்விடப் பலன் தரும். ஒருமுறை தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். நான் அரிவாள் மூக்கனைக் காட்டிக்கொண்டிருக்க, அவர் கண்ணாடியைத் தம் கொல்லைப் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு, "டேய், யார் மாடுடா அது, என் உளுந்துல!" என்று கத்திக்கொண்டு, பைனாகுலர் கழுத்தில் ஆட, வரப்போடு ஓடினார். யாரிடம் கொடுத்தாலும் முதலில் தெரிந்ததைத்தான் தேடுகிறார்கள். தன் வீட்டுத் தென்னை, பக்கத்து ஊர்க் கோயில், பங்காளியின் மோட்டார் கொட்டகை. பறவை அதற்குப் பிறகுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) வீட்டில் பழைய 8×30 ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கிய தாத்தாவின் சொத்து. பித்தளை உடம்பு, கறுப்புப் பெயின்ட் விரல் படும் இடங்களில் உரிந்து மஞ்சள் தெரியும். தோல் உறைக்குள் வைத்து, பீரோவில், ரச கற்பூரம் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் புகை. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தபோது உள்ளே முப்பட்டகத்தின் முகத்தில் நூலிழைகள் கிளை பிரிந்து படர்ந்திருந்தன. பூஞ்சைதான். நம் கடலோர ஈரத்தில் இருட்டும் அடைப்பும் சேர்ந்தால் அதற்கு வேறெதுவும் வேண்டாம். தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைத்து அதற்குத் துணைபோகும். பூஞ்சை கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது. பத்திரமாக வைத்ததால்தான் அது பாழானது. பைனாகுலருக்கு நல்லது தினமும் வெளிச்சத்தில் அலைவது. வேலை இல்லாத மாதங்களில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தைப் போட்டு வைக்கலாம். பொட்டலம் நாளாக நாளாக ஈரம் குடித்துவிடும், மாற்ற வேண்டும். உறையைத் தூக்கி எறிந்துவிடுங்கள். லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பவர்கள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். முதலில் ஊதுபந்தால் புழுதியைத் தட்டிவிட்டுப் பிறகுதான் துணி.

அந்தப் பழைய கண்ணாடியில் இன்னொரு பாடமும் இருந்தது. அதன் குழல்கள் முழங்கை மடித்ததுபோல் அகன்று நிற்கும். முகப்பு லென்ஸ் கண்ணுக்கு நேராக இல்லாமல் விலகியிருக்கும். இக்னாசியோ போரோ என்ற இத்தாலியர் 1854-இல் காப்புரிமை பெற்ற முப்பட்டக அமைப்பு அது. அதை வைத்து 1894-இல் ஜெர்மனியில் ட்ஸைஸ் நிறுவனம் நவீன பைனாகுலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்போது கடைகளில் பளபளப்பாக நிற்பவை பெரும்பாலும் நேர்க்குழல் ரகம், ரூஃப் முப்பட்டகம். பார்க்க லட்சணமானவை, மெலிந்தவை, தண்ணீர் புகாமல் அடைப்பதும் எளிது. ஆனால் அந்த முப்பட்டகத்தின் கூரைமுனையை மிக நுட்பமாகத் தீட்ட வேண்டும். தீட்டிய பிறகும் ஒளி இரண்டாகப் பிரிந்து சேர்வதில் ஒரு கலக்கம் வரும். அதைச் சரிசெய்யும் பூச்சு 1988-இல்தான் ட்ஸைஸ் கண்ணாடிகளில் வந்தது. இதற்கெல்லாம் காசு. ஆகவே மலிவான ரூஃப் வகையைவிட அதே விலைக்குக் கிடைக்கும் போரோ வகை நன்றாகக் காட்டும். கொழுத்து, அசிங்கமாக இருக்கிறதே என்பதால் கடைக்காரர் அதைப் பின்வரிசையில் வைத்திருப்பார். கேட்டு வாங்குங்கள்.

பூச்சு என்றதும் ரூபிச் சிவப்பை நினைக்க வேண்டாம். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் அப்படிப் பத்துப் பரப்பு என்றால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே தொலைந்துபோகும். 1935-இல் ட்ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மகூலா கண்டுபிடித்த மெல்லிய பூச்சு இதை மாற்றியது. எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'பூச்சுள்ளது' என்று மட்டும் எழுதியிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் நல்ல பூச்சு மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். முன்பு சொன்ன ஒளிவட்டத்தையும் மறுபடி பாருங்கள். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் முப்பட்டகம் மட்டமான ரகம்.

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். கண்ணுக்கும் பைனாகுலர் லென்ஸுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் முழுக் காட்சி தெரியும் என்பதே அது. 16-க்குக் குறைந்தால் சாவித்துவாரம் வழியாகப் பார்த்ததுபோல் இருக்கும். வலப்பக்கக் கண்வளையத்தைப் பலரும் வாங்கிய நாளிலிருந்து தொடுவதே இல்லை. வலக்கண்ணை மூடி, நடுத் திருகால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு இடக்கண்ணை மூடி அந்த வளையத்தால் வலக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். ஒருமுறை செய்தால் போதும். இதைச் செய்யாமலே தலைவலிக்கிறது என்று விற்றவர்கள் உண்டு. பழைய கண்ணாடி வாங்க நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

கரியமாணிக்கத்தில் இருந்துகொண்டு வாழ்நாளுக்கு ஒன்றே ஒன்று வாங்கப்போகிறவருக்கு என் பதில் 8×42. கையில் காசு குறைவென்றால் போரோ வகை 8×40. நைகான் போன்றவர்களின் சாதாரண ரகங்கள் பெரிய செலவில்லாமல் கிடைக்கின்றன. அடுத்ததாக, கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களின் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் நன்கொடை தேடுகிற பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலையுயர்ந்த ஒன்றை வாங்கித் தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்ட வேண்டாம். அது எங்கே போய் முடியும் என்று சொல்லிவிட்டேன். அதே பணத்தில் உயர்நிலை வகுப்புகளுக்கு 8×40 இரண்டு வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது உதவாது. பெரும்பாலான பைனாகுலர்கள் கண்களுக்கிடையில் 56 மில்லிமீட்டருக்குக் கீழே மடங்குவதில்லை, குழந்தைகளின் கண்கள் அதைவிட நெருக்கமானவை. அவர்களுக்கென்று நன்றாக மடங்கும் சின்னது ஒன்று தனியாக வேண்டும், வாங்கும்போது ஒரு குழந்தையைக் கூட்டிப்போய் அதன் முகத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஐப்பசிக்குள் வாங்கினால் நல்லது. வலசை வரும் வாத்துகள் பங்குனி வெயிலில் கிளம்பிவிடும்.